கல்லணை முதல் தரங்கம்பாடி வரை: பழைய காரில் ஒரு நாள் ரேலி

டெல்டாவில் மேடு கிடையாது. கல்லணையில் கிளம்பி திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடிக் கடற்கரைக்குப் போனால் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். அத்தனை தூரத்துக்கும் நிலம் இறங்குவது அறுபது மீட்டர் சொச்சம்தான். நார்வேயில் மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த கெய்ராங்கர் ஃபியோர்டின் கரையிலிருந்து கிளம்பும் கழுகுப் பாதை, 11 கொண்டை ஊசி வளைவுகளில் 620 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. 1936இல் திறந்த ட்ரோல்ஸ்டீகன் பாதையிலும் 11 வளைவு. பழைய கார் ரேலி என்றதும் அப்படிப்பட்ட சாலைகளைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். 'நம்ம ஊர் தட்டை ரோடு, வண்டிக்கு என்ன சிரமம்' என்று எண்ணெய், தண்ணீர் மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது அதனால்தான்.

பழைய எஞ்சினுக்குத் தட்டை ரோடுதான் பெரிய சோதனை. மலையில் ஏறும்போது எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது. ஃபேனும் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடுவதால் அவையும் வேகமாகச் சுற்றும். காற்றும் குளிர்ந்திருக்கும். அங்கே பயப்பட வேண்டியது இறக்கத்தில் சூடாகும் பிரேக்குக்குத்தான். இங்கே நிலைமை நேர் எதிர். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் 15 கிலோமீட்டர் வேகத்தில், கட்டாந்தரைச் சூட்டில், எஞ்சின் மெதுவாகச் சுற்ற, ஃபேன் விசிறியும் விசிறாமலும் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டியைப் பாருங்கள். ரேடியேட்டரில் காற்று போகாது. மின்சாரம் தரும் டைனமோ பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாது. பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகும். டெல்டாவில் பழைய கார் நின்றுபோகும் காரணங்களில் முக்கால்வாசி இந்த மூன்றுக்குள் அடங்கும்.

முதலில் நாள் குறிக்க வேண்டும். தை மாதம், பொங்கல் கூட்டம் வடிந்தபின், மேட்டூர் அணை மூடும் ஜனவரி 28க்கு முந்தைய ஒரு ஞாயிறு என்பது என் தேர்வு. மழை விட்டிருக்கும், ஆற்றில் தண்ணீர் இருக்கும், சம்பா பொன்னிறத்தில் நிற்கும், காலைக் காற்று எஞ்சினுக்கு உகந்ததாக இருக்கும். ஆனால் இரண்டு நாட்களைத் தவிர்த்தே ஆக வேண்டும். ஒன்று, திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை நடக்கும் பகுள பஞ்சமி. அது பெரும்பாலும் ஜனவரியில்தான் வரும். அன்று கடைத்தெருவில் கார் நுழைய இடமிருக்காது. இன்னொன்று முகூர்த்த நாள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் வரும் வேன்கள் மயிலாடுதுறை வரை வரிசை கட்டும். பஞ்சாங்கம் பார்க்காமல் இந்த வழியில் ரேலி வைப்பவர்கள் கடைசி 30 கிலோமீட்டரில் எல்லாக் கணக்கையும் இழப்பார்கள்.

கணக்கு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இது யார் முதலில் வருவது என்ற பந்தயம் இல்லை. குறித்த சராசரி வேகத்தில், குறித்த விநாடிக்கு, குறித்த இடத்தைத் தாண்டுகிறோமா என்பதுதான் போட்டி. ரெகுலாரிட்டி என்பார்கள், நம் நாட்டில் டிஎஸ்டி (டைம், ஸ்பீட், டிஸ்டன்ஸ்) என்ற பெயர்தான் பழக்கம். ஒரு விநாடி தாமதத்துக்கு ஒரு புள்ளி தண்டனை. சில போட்டிகளில் முந்தி வந்தால் தண்டனை இரட்டிப்பு. சோதனைச் சாவடி எங்கே இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். அதனால் கடைசியில் ஓட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. வழி முழுக்க ஒவ்வொரு விநாடியும் சரியான இடத்தில் இருக்க வேண்டும்.

சூத்திரம் எளிது. தூரத்தை 60ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நிமிடம். 18.6 கிலோமீட்டரை 30இல் ஓட்டச் சொன்னால் 37.2 நிமிடம், அதாவது 37 நிமிடம் 12 விநாடி. ஆனால் யாரும் ஒரே வேகத்தைக் கொடுத்துவிட்டுப் போக மாட்டார்கள். அதே 18.6ஐ முதல் 6 கிலோமீட்டர் 30இலும், அடுத்த 8.4ஐ 28இலும், மீதி 4.2ஐ 36இலும் என்று பிரிப்பார்கள். அப்போது 12 நிமிடம், 18 நிமிடம், 7 நிமிடம்; மொத்தம் சரியாக 37. பக்கத்தில் உட்கார்ந்து வழியும் நேரமும் சொல்லும் நேவிகேட்டர் இதை முந்தின இரவே கட்டம் போட்டு எழுதி, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஓட வேண்டிய நேரத்தைப் பக்கத்தில் குறித்துவைக்க வேண்டும். 30 வேகத்தில் கிலோமீட்டருக்கு 2 நிமிடம், 36இல் 1 நிமிடம் 40 விநாடி. 28இல் 2 நிமிடம் எட்டரை விநாடி. குலுங்குகிற காரில் உட்கார்ந்துகொண்டு வகுத்தல் போட முடியாது. மனதுக்குக் கணக்கு வந்தாலும் கை எழுதாது.

வழிப்புத்தகத்தில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சின்னப் படம் இருக்கும். கீழே புள்ளி, மேலே அம்பு. புள்ளி நாம் வரும் பக்கம், அம்பு நாம் போகும் பக்கம். இதற்கு ட்யூலிப் என்று பெயர் வந்தது நெதர்லாந்தில் 1949இல் தொடங்கிய ட்யூலிப் ரேலியால். டெல்டாவுக்கு வழிப்புத்தகம் எழுதுபவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே ஒரு கிலோமீட்டருக்குள் நான்கு மதகு, மூன்று பிள்ளையார் கோயில், இரண்டு டீக்கடை வரும். 'கோயிலில் இடது' என்று எழுதினால் பாதி வண்டிகள் தவறான சந்தில் இருக்கும். கோயிலின் பெயர், எந்தப் பக்கம், வாய்க்காலைத் தாண்டுமுன்னா தாண்டியபின்னா, இவ்வளவும் வேண்டும். டீக்கடையை அடையாளமாக எழுதவே கூடாது. பொங்கல் வாரத்தில் அது பூட்டியிருக்கும், அல்லது முன்னால் பந்தல் போட்டு ஆளே மாறியிருக்கும்.

காரின் கிலோமீட்டர் மீட்டரை நம்ப முடியாது. டயர் தேய்மானம், காற்றழுத்தம், முன்பு யாரோ மாற்றிய டயர் அளவு எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். அமைப்பாளர்கள் ஒரு அளவுத் தூரம் கொடுப்பார்கள். அவர்கள் கணக்கில் 10.00 கிலோமீட்டர், உங்கள் மீட்டரில் 10.4 என்று வந்தால், அன்று முழுக்க எல்லாத் தூரத்தையும் 1.04ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 18.6 என்று புத்தகம் சொல்லும் இடத்தில் உங்கள் மீட்டர் 19.34 காட்டும். அளவு எடுக்கும்போது டயர் ஓடிச் சூடாகியிருக்க வேண்டும். குளிர்ந்த டயரில் எடுத்த கணக்கு இரண்டாவது மணி நேரத்தில் விலகிப்போகும்.

இனி வண்டிக்கு வருவோம். இந்த ஊர்ப்பக்கம் ரேலிக்கு வருபவை பெரும்பாலும் அம்பாசிடர், ஃபியட் 1100 அல்லது அதன் பின்னாள் பெயரான பிரீமியர் பத்மினி, எப்போதாவது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஹெரால்டு நம் சென்னைக்குப் பக்கத்தில் செய்யப்பட்ட கார் என்பதால் அதற்கு ஒரு தனி வரவேற்பு உண்டு. பானெட், மட்கார்டு எல்லாம் சேர்த்து முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாகத் தூக்கிக்கொள்வதால், வழியில் வேலை பார்க்க அதைப்போல வசதியான கார் வேறில்லை. ஆனால் தரைக்குப் பணிந்த வண்டி. வேகத்தடைகளில் அதற்குத்தான் அடி.

சூட்டிலிருந்து தொடங்குவதுதான் முறை. ரேலிக்கு இரண்டு வாரம் முன்னால், எஞ்சின் நன்றாகச் சூடானபின் அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் முகத்தருகே உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். எங்காவது ஒரு பட்டை குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்திருக்கின்றன. பட்டறையில் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுக் குத்தினால்தான் சரியாகும். பவுடர் போட்டுக் கழுவுவது இவ்வளவு பழைய அடைப்புக்குப் போதாது. அடைப்புக்குக் காரணம் போர் தண்ணீர். கடலோரம் நெருங்க நெருங்க நிலத்தடி நீரில் உப்பு ஏறும். செம்பனார்கோயிலைத் தாண்டிய பிறகு யார் வீட்டுக் குழாயிலும் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். டிஸ்டில்டு வாட்டரும் துரு தடுக்கும் கூலன்டும் கலந்து, 5 லிட்டர் கேனில் இரண்டு டிக்கியில் இருக்கட்டும்.

தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர்ப் பழக்கம். அது தீர்வு இல்லை. கழற்றினால் காலையில் எஞ்சின் வெகுநேரம் குளிர்ந்தே ஓடி சிலிண்டர் தேயும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடவும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும், சூடு கூடத்தான் செய்யும். சட்டியில் வெந்நீர் வைத்து அதைத் தொங்கவிட்டு, அதில் அடித்திருக்கும் டிகிரியில் திறக்கிறதா என்று பார்த்தால் போதும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர், மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஃபேன் பெல்ட் நான்கையும் சேர்த்தே மாற்றிவிடலாம். விலை பெரிதில்லை. கீழ் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று பள்ளம் விழுந்தால் ஓட்டத்தில் அது உள்ளே உறிஞ்சிக்கொண்டு வழியை அடைக்கும்.

ரேடியேட்டர் சுத்தமாக இருந்தும் சூடாகிறதா? பிளக்கில் பொறி விழும் நேரம், அதாவது இக்னிஷன் டைமிங், தாமதமாக இருக்கலாம், அல்லது கார்புரேட்டர் கலக்கும் கலவையில் பெட்ரோல் குறைவாக இருக்கலாம். இரண்டாவதற்கு இப்போது ஒரு புதுக் காரணம் சேர்ந்திருக்கிறது. பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும். அதாவது அதே அளவு காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். பெட்ரோலை அளந்துவிடும் துளையான ஜெட்டின் 1960கள் அளவுக்கு இந்த எரிபொருள் மெலிந்த கலவையாகிறது. மெலிந்த கலவை சூடாக எரியும்.

எஸ்.யு. கார்புரேட்டர் உள்ள வண்டியில் சரிசெய்வது சுலபம். அடியில் இருக்கும் ஜெட் நட்டைக் கீழ்நோக்கி இறக்கினால் பெட்ரோல் கூடி, கலவை கெட்டியாகும். ஒரே நேரத்தில் ஒரு முகம் மட்டும், அதாவது ஆறில் ஒரு சுற்று. பிறகு பக்கத்தில் இருக்கும் குச்சியால் கார்புரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் லேசாக வேகமெடுத்து உடனே பழையபடி ஆனால் கலவை சரி. வேகமெடுத்து அந்த வேகத்திலேயே ஓடினால் கெட்டி. தடுமாறி அணையப் பார்த்தால் மெலிவு. இதைச் சூடான எஞ்சினில்தான் செய்ய வேண்டும். கார்புரேட்டரின் மேல் இருக்கும் ஆயில் குழியான டேஷ்பாட்டில் 20 நம்பர் ஆயில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். சோலெக்ஸ் கார்புரேட்டரில் வெளியே தெரியும் ஸ்க்ரூ ஐடிலை, அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடுவதை, மட்டும்தான் மாற்றும். ஓட்டக் கலவைக்கு மெயின் ஜெட்டையே ஒரு அளவு பெரிதாகப் போட வேண்டும். ஸ்க்ரூவைத் திருகிவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைப்பதில்தான் பல பத்மினிகள் பாதி வழியில் வெடிச்சத்தம் போடுகின்றன.

எத்தனால் இன்னும் இரண்டு வேலை செய்யும். பழைய டேங்கில் படிந்த பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து ஜெட்டில் வைக்கும். பம்ப்புக்கு முன்னால் கண்ணாடி போலத் தெரியும் ஃபில்டர் ஒன்றைப் போட்டு, கையில் இரண்டு உபரியாக வையுங்கள். அடுத்து, பழைய ரப்பரை ஊறவைத்து மென்மையாக்கும். பம்ப் டயாஃப்ரம், பெட்ரோல் ஹோஸ், கார்புரேட்டர் சீல் எல்லாம் எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற வேண்டும். விட்டான் என்று கேட்டால் கிடைக்கும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஹோஸ் கசியும் இடம் பெரும்பாலும் புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே.

பெட்ரோல் ஆவியாகி வழியை அடைக்கும் வேப்பர் லாக் வருவது எப்போதும் ஒரே மாதிரிதான். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ரயில்வே கேட் மூடும், எஞ்சினை அணைப்போம். காற்றோட்டம் நின்றதும் எஞ்சினின் சூடெல்லாம் மேலே ஏறி கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோலைக் கொதிக்கவைக்கும். கேட் திறக்கும்போது செல்ஃப் சுற்றும், வண்டி எழும்பாது. பேட்டரி இறங்கும்வரை செல்ஃப் அடித்துக்கொண்டிருக்காதீர்கள். பானெட்டைத் திறந்து, ஈரத்துணியை பம்ப் மேலும் குழாய் மேலும் போட்டு ஐந்து நிமிடம் பொறுத்தால் போதும். சூடான மேனிஃபோல்டு மேல் தண்ணீரை ஊற்றிவிடக் கூடாது, வார்ப்பிரும்பு வெடிக்கும். வராமலே தடுக்க வேண்டுமானால், குழாயை மேனிஃபோல்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள், கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத கனத்த பேக்கிங் வையுங்கள். டேங்க் பக்கத்தில் மின்சார பம்ப் போடுபவர்கள் 2 முதல் 3 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குள் உள்ளதையே வாங்க வேண்டும். அதற்கு மேல் போனால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரத்தை மூடும் ஃப்ளோட் ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வெளியே வழியும், சூடான எஞ்சின் மேல்.

கேட்டில் அணைக்கும் முன் ஒரு நிமிடம் 1200 சுற்றில் ஓடவிட்டு, பிறகு அணைத்து, பானெட்டை முதல் கொக்கியில் விட்டுவைத்தால் பாதிச் சூடு வெளியேறிவிடும். கிளம்பும்போது பானெட்டை அமுக்கிப் பூட்டுவது நேவிகேட்டரின் பொறுப்பு என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இக்னிஷன் பக்கம்: அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினில் பொறிக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டின் இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி 25 தௌ. பாயிண்டின் குதி தேய்ந்து இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும், அதோடு டைமிங்கும் தாமதமாகும். அதாவது பாயிண்டைக் கவனிக்காமல் விட்டால் அதுவும் சூட்டில்தான் போய் முடியும். பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டன்சர் சாகிற அடையாளம் தனி. காலையில் அருமையாக எழும்பும். எஞ்சின் சூடானதும் விட்டுவிட்டு அடிக்கும். பாயிண்டைத் திறந்து பார்த்தால் நீலம் பாய்ந்து ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருக்கும். புது பாயிண்ட், கண்டன்சர், ரோட்டர் மூன்றையும் ரேலிக்கு முந்தின நாள் போடுவதைவிட, இரண்டு வாரம் முன்பே போட்டு ஓட்டிப் பழக்கிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பழசை உபரியாக எடுத்துப்போவது நல்லது. புதுச் சாமான்தான் முதல் 50 கிலோமீட்டரில் உயிரைவிடும்.

டைனமோ ஐடிலில் சார்ஜ் கொடுக்காது. லூகாஸ் சி40 டைனமோவே முழு வேகத்தில் 22 ஆம்ப்தான் தரும். முகவிளக்கும் ஹாரனும் செல்லுக்குப் போடும் சார்ஜரும் சேர்ந்தால், கும்பகோணத்து நெரிசலில் அரை மணி நேரத்தில் பேட்டரி சோர்ந்துவிடும். நார்வேயில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். இங்கே அந்தக் கட்டாயம் இல்லாதது பழைய வண்டிக்கு ஒரு சலுகை. இன்னொன்று: ஆரம்பகால அம்பாசிடர்களில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். உதவிக்கு வரும் பையன் வழக்கம்போல கறுப்பு ஒயரை பாடியில் மாட்டினால் இரண்டு வண்டிக்கும் கேடு. பேட்டரி மூடியிலேயே பெயின்ட்டால் பெரிதாக எழுதிவையுங்கள்.

பிரேக்குக்கு மலை இறக்கம் இல்லை என்பதால் அலட்சியம் வேண்டாம். இவை ஒற்றைச் சுற்று ஹைட்ராலிக். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போகும். ஆண்டு முழுக்க ஷெட்டில் நின்ற வண்டியில் ரப்பர் கப் காய்ந்திருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும், நம் கடலோரக் காற்றில் இன்னும் வேகமாக. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் இறக்கி மாற்ற வேண்டும். சக்கரத்தைத் தூக்கி, அட்ஜஸ்டரைப் பூட்டு விழும்வரை இறுக்கி, பிறகு சக்கரம் தடையில்லாமல் சுற்றும்வரை மட்டும் தளர்த்துங்கள். நான்கிலும் ஒரே அளவு வராவிட்டால், சந்தில் திடீரென்று ஆடு குறுக்கே வரும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 2315 என்றிருந்தால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அதை இனி ஓட்டக் கூடாது.

டிக்கியில் இருக்க வேண்டிய மீதி: நான்கு பிளக், காயில், பெல்ட், ஹோஸ் இரண்டு, கிளிப், ஒரு மீட்டர் பெட்ரோல் ஹோஸ், ஃபியூஸ், இரண்டு லிட்டர் எஞ்சின் ஆயில், அரை லிட்டர் பிரேக் ஆயில், கட்டுக்கம்பி, டேப். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு சாண் அகலப் பலகை. வண்டல் மண்ணில் பலகை இல்லாமல் ஜாக்கி போட்டால் கார் எழும்பாது, ஜாக்கிதான் இறங்கும். 2 கிலோ தீயணைப்பான் டிக்கியில் வேண்டாம். முன்சீட்டில் உட்கார்ந்தபடியே கைக்கு எட்ட வேண்டும்.

ஜனவரியில் பொழுது விடிவது ஆறரைக்கு மேல். முதல் வண்டி 6.40க்குக் கிளம்பி, நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று விட்டால் 20 வண்டி ஏழு மணிக்குள் வெளியேறிவிடும். கல்லணைப் பாலத்தின் மேல் வண்டிகளைக் கூட்டக் கூடாது. குறுகலான இடம், காலையில் ஊர்க்காரர்களுக்கு அதுதான் வழி. அணைக்கு இப்பால் திடலில் கூடி ஒவ்வொன்றாகத் தாண்டுவதே முறை. இங்கிருந்துதான் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. நாம் காவிரியோடு போகிறோம்.

கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு வரை கரைச் சாலை. அழகில் இதற்கு ஈடு கிடையாது. ஒருபுறம் ஆறு, மறுபுறம் கரையிலிருந்து இறங்கிய வயல், நடுவில் ஒன்றரை வண்டி அகலத் தார். நார்வேயின் குறுகிய சாலைகளில் எதிர்வண்டிக்கு ஒதுங்க இடம் விட்டு, எம் என்ற எழுத்தோடு பலகை நட்டிருப்பார்கள். நம் கரைச் சாலையில் ஒதுங்குமிடம் என்பது படித்துறைக்கு இறங்கும் வாய், மதகுத் திண்ணை, களத்துக்குப் போகும் பாதை. எதிரே பேருந்தைப் பார்த்ததும் நேவிகேட்டர் அடுத்த வாயைக் கண்ணால் தேட வேண்டும். தாரை விட்டு ஒரு சக்கரத்தை இறக்கினால், மேலே காய்ந்ததுபோல் தெரியும் வண்டல் அம்பாசிடரின் கனத்துக்கு உள்வாங்கிக்கொள்ளும். நின்று வழிவிட்டதில் போன 20 விநாடியை அடுத்த இரண்டு கிலோமீட்டரில் பரப்பி மீட்கலாம். ஒரே மூச்சில் மீட்கப் பார்ப்பவர்கள் அடுத்த வளைவில் ஆட்டு மந்தையைச் சந்திப்பார்கள்.

வைக்கோலைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் சாலையில் வைக்கோலும் நெல்லும் காயும். வைக்கோல் மேல் ஓட்டிப் போகும்போது அது அடியில் சுழலும் ப்ரொபெல்லர் ஷாஃப்டில் சுற்றிக்கொள்ளும், சைலன்சரில் ஒட்டிக்கொள்ளும். பழைய வண்டியின் சைலன்சர் தரைக்கு அருகில், மறைப்பில்லாமல் இருக்கிறது. தீப்பிடிக்க அவ்வளவு போதும். தவிர்க்க முடியாமல் தாண்டினால், அடுத்த கிலோமீட்டருக்குள் நிறுத்திக் குனிந்து பார்த்துப் பிடுங்கிவிடுங்கள். வைக்கோல் மேல் ஒருபோதும் வண்டியை நிறுத்தாதீர்கள். காயும் நெல்லின் மேல் ஏற்றுவது அதைவிடப் பெரிய தவறு. ஒரு குடும்பத்தின் கண்டுமுதல் அது. நேரடிக் கொள்முதல் நிலையங்களுக்கு முன்னால் டிராக்டர்கள் வரிசையில் நிற்கும் இடங்களை வழிப்புத்தகத்தில் குறித்து, அங்கே நேரக் கணக்கு இல்லாத இடைவழியாக வைப்பது அமைப்பாளர்களின் கடமை. ரயில்வே கேட்டுக்கும் அதே விதி.

திருவையாற்றிலிருந்து திருப்பழனம், கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை என்று போகும் பகுதிதான் நேரக் கணக்குக்கு ஏற்ற இடம். வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் நிழல் கட்டிய சாலை; எஞ்சினும் குளிர்ந்தே ஓடும். கவனம் வேகத்தடைகளில் இருக்கட்டும். பாதிக்கு மேல் வெள்ளைக் கோடு அழிந்தவை. சோர்ந்த பின்பட்டா உள்ள வண்டி நான்கு பேரோடு நேராக ஏறினால் சைலன்சர் உரசும். சாலை காலியாக இருந்தால் சற்றுச் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக, இரண்டாம் கியரில் ஏற்றுங்கள். ஒரு வேகத்தடைக்கு ஐந்தாறு விநாடி போகும். ஊருக்கு மூன்று என்றால் கால் நிமிடம். 30க்கு மேல் சராசரி கேட்கும் அமைப்பாளர்களுக்கு இந்தச் சாலை தெரியாது என்றுதான் அர்த்தம். என்னைக் கேட்டால் 28 போதும் என்பேன்.

கும்பகோணத்தில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நிறுத்தம். ஊருக்குள் நுழையாமல் வெளிவட்டத்தில். ஓட்டுபவர்கள் டிகிரி காப்பி குடிக்கும் நேரத்தில் எஞ்சின் முழுக்க ஆற வேண்டும், அதற்குப் பிறகுதான் தண்ணீர், ஆயில், சக்கர நட்டு. அங்கிருந்து ஆடுதுறை, குத்தாலம் வழியாக மயிலாடுதுறை வரை பேருந்துச் சாலை. அங்கே போட்டி வேண்டாம், நிதானமாகப் போய்ச் சேர்ந்தால் போதும்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாக. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2021 விதிப்படி 'விஏ' எழுத்துகளோடு தனிப் பதிவு எண் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் அந்த எண் வாங்கினால் கண்காட்சி, ரேலி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்ட முடியாது. காப்பீட்டுப் பத்திரத்தையும் படித்துப் பாருங்கள். பந்தயம், வேகச் சோதனையோடு 'ரிலையபிலிட்டி ட்ரயல்' என்பதையும் விலக்கியிருப்பார்கள். நேரக் கணக்கு ரேலி அதற்குள் வருமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். தஞ்சாவூர், மயிலாடுதுறை இரண்டு மாவட்டக் காவல்துறைக்கும் முன்கூட்டியே வழித்தடத்தைக் கொடுப்பது அமைப்பாளர்கள் வேலை.

மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், திருக்கடையூர், பிறகு தரங்கம்பாடி. 1620இல் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து டேனியர்கள் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். டென்மார்க்கும் நார்வேயும் 1814 வரை ஒரே அரசின் கீழ் இருந்தவை என்பதால், ஃபியோர்டு நாட்டு மன்னரின் கொடி பறந்த கோட்டைக்கு முன்னால்தான் நம் வண்டிகள் வந்து நிற்கின்றன. முடிவிடத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

ஆனால் கடற்காற்று பழைய தகட்டுக்கு ஆகாது. மணலில் இறக்காமல் தெருவிலேயே நிறுத்துங்கள். அன்று மாலையே, உப்பில்லாத தண்ணீரால் வண்டியின் அடிப்பக்கம், மட்கார்டு உள்பக்கம், சேஸி ஓரம் எல்லாம் கழுவி, கழுவிய பின் ஒரு கிலோமீட்டர் ஓட்டி பிரேக் டிரம்மை உலர்த்திவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியை அன்று தொட வேண்டாம். மறுநாள் காலை ஆறியபின் திறந்து, நிரப்ப எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது என்று அளந்து எழுதுங்கள். கால் லிட்டர் என்றால் இயல்பு. ஒரு லிட்டருக்கு மேல் என்றால் ஹோஸ், வாட்டர் பம்ப், வடிகுழாய் மூன்றிலும் ஈரம் தேடுங்கள். எங்கும் ஈரம் இல்லையென்றால் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது; ஊருக்கு லாரியில்தான் ஏற்றிப் போக வேண்டும், எஞ்சினை மறுபடி எழுப்பாதீர்கள்.